அடுப்பேறும் இலையும் இறக்கித் தூவும் தழையும்: இலங்கை, தமிழகச் சமையலறை ஜன்னல்கள்

சமையலுக்கு வேண்டிய வாசனைத் தழைகளைச் சிறு தொட்டிகளில் நட்டுச் சமையலறை ஜன்னல் திண்டிலோ கம்பிக் கூண்டிலோ வைத்து வளர்ப்பது, தோட்டக்கலை வழிகாட்டி நூல்களில் பெரும்பாலும் குளிர்நாட்டு வழக்கமாகவே விவரிக்கப்படுகிறது. அங்கே வெளியே வைத்தால் பனியில் கருகிவிடும் செடிக்கு ஜன்னல் புகலிடமாகிறது. இலங்கையிலும் தமிழகத்திலும் அந்தத் தேவை அநேகமாக இல்லை. தரையில் உறைபனி படியும் நுவரெலியாவையும் உதகமண்டலத்தையும் விட்டுவிட்டால், ஆண்டு முழுவதும் கொல்லையில் தழைத்து நிற்கக்கூடிய செடிகளே இங்கு ஜன்னலுக்கு வருகின்றன. கொல்லை இல்லாமற்போனதே அவை வருவதற்குக் காரணம். கொழும்புப் பக்கத்து வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதிகளின் தொடர்மாடி வீடுகளிலும், சென்னைப் பக்கத்து வேளச்சேரி, கீழ்க்கட்டளைப் பகுதிகளின் அடுக்ககங்களிலும் மண் கைவிட்டுப்போன பிறகு குடும்பத்துக்கு எஞ்சியது ஜன்னலோரத்து வெளிச்சம் மட்டுமே என்பதால், அந்த ஒரு முழ இடத்தில் எதை வைப்பது என்பதை ஒவ்வொரு வீடும் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டியிருக்கிறது.

இரு கரைகளிலும் இந்தத் தேர்வு வெவ்வேறாக அமைந்திருக்கிறது. தட்பவெப்பமே இதற்குக் காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கும் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினக் கரையும் ஏறத்தாழ ஒரே வகை வானிலையில் இருந்தும், அவற்றின் சமையலறைத் தொட்டிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. வேறுபாட்டை உண்மையில் தீர்மானிப்பது, சமையலின் எந்தக் கட்டத்தில் இலை பாத்திரத்துக்குள் போகிறது என்பதுதான். இலங்கைச் சமையலில் வாசனை இலை பெரும்பாலும் தொடக்கத்திலேயே அடுப்பேறி, எண்ணெயிலும் தேங்காய்ப்பாலிலும் நெடுநேரம் கிடந்து தன் மணத்தை இறக்குகிறது. தமிழகச் சமையலிலோ கறிவேப்பிலையைத் தவிர்த்த தழைகள் பெரும்பாலும் பச்சையாக அரைபடுகின்றன, அல்லது பாத்திரத்தை இறக்கும் தறுவாயில் கிள்ளிப் போடப்படுகின்றன. நெடுநேரம் வேகும் இலை நாரும் தடிப்பும் உடைய பல்லாண்டுச் செடியிலிருந்து வரலாம். கடைசியில் தூவும் தழை இளசாக இருந்தே தீரவேண்டும் என்பதால் அது பெரும்பாலும் அடிக்கடி புதிதாக விதைக்கப்படும் செடியிலிருந்தே வருகிறது. ஆகவே இலங்கை ஜன்னலில் நிற்பது ஆண்டுக்கணக்கில் வாழும் செடி என்றும், தமிழக ஜன்னலில் இருப்பது விதைத்து அறுத்து மீண்டும் விதைக்கப்படும் செடி என்றும் பொதுவாகச் சொல்லலாம்.

இலங்கைப் பக்கத்தின் தனி அடையாளம் ரம்பை. தாழைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, வாள்போல் நீண்ட, முள்ளில்லாத, பளபளப்பான இலைகளை நடுத்தண்டைச் சுற்றிச் சுருளாக விடுகிறது. பாசுமதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருளே ரம்பைக்கும் மணம் தருகிறது. ஆனால் செடியிலிருக்கும் பச்சை இலையை முகர்ந்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது, நறுக்கி வாடவிட்டாலோ சூட்டில் போட்டாலோதான் மணம் எழும். பருப்புக் கறிக்கும் கோழிக் கறிக்கும் மஞ்சள் சோற்றுக்கும் விரல் நீளத் துண்டு ஒன்றை வெங்காயம், கறிவேப்பிலையோடு சேர்த்து எண்ணெயிலோ நெய்யிலோ முதலிலேயே போடுவது இதனால்தான். சிங்களச் சமையலிலும் முஸ்லிம் சமையலிலும் கொழும்புத் தமிழர் சமையலிலும் ரம்பைக்குப் பெரிய இடம் உண்டு. யாழ்ப்பாணச் சமையலில் அதன் பங்கு குறைவு என்றாலும், இறைச்சிக் கறியிலும் சில வீடுகளின் தேங்காய்ப்பால் சொதியிலும் அதைக் காணலாம். சொதிக்கு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றோடு இலைத் துண்டும் இரண்டாம் பாலில் கொதித்து முடிந்த பின்னரே முதற்பால் சேர்கிறது. இறக்கியபின் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடப்படுகிறது. புதிதாகத் தழை எதுவும் அங்கே தூவப்படுவதில்லை.

ரம்பை விதையால் பெருகுவதில்லை. முதிர்ந்த செடியின் அடியிலும் இலைக்கக்கத்திலும் எழும் கன்றுகளை, தொங்கும் வேரோடு பிரித்து நடுவதே ஒரே வழி. எனவே ஜன்னலில் நிற்கும் ஒவ்வொரு ரம்பையும் யாரோ ஒருவர் வீட்டுச் செடியின் பிரிவாகவே இருக்கும், உறவினர் வீட்டிலிருந்தும் அயல்வீட்டிலிருந்தும் கைமாறியே அது பரவுகிறது. நடும்போது கன்றின் கீழிலைகளைக் களைந்து, மேல் நான்கைந்து இலைகளைப் பாதியாக வெட்டிவிட்டால் வேர்பிடிக்கும் வரை நீர் இழப்பு குறையும். வேர்பிடித்தபின் அறுவடை வெளிச்சுற்றிலிருந்து தொடங்கவேண்டும்: அடியிலுள்ள முற்றிய இலையைத் தண்டோடு ஒட்டி வெட்டி எடுத்து, நடுக்குருத்தைத் தொடாமல் விட்டால், ஒரே செடி வாரம் ஓரிரு இலை வீதம் பல ஆண்டுகள் கொடுத்துக்கொண்டிருக்கும். அரை நிழலும் ஈரக்காற்றும் அதற்கு உகந்தவை என்பதால், ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் கொழும்பின் வடக்கு நோக்கிய ஜன்னல்கூட அதற்குப் போதும். சமையலறை ஜன்னலுக்கென்றே அமைந்த செடி எது என்று கேட்டால், இரு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் ரம்பைக்கே முதலிடம் தரவேண்டும்.

சிங்களத்தில் சேர எனப்படும் எலுமிச்சைப் புல்லும் இலங்கைக் கறிகளில் தொடக்கத்திலேயே நசுக்கிப் போடப்படுவதுதான். ஆனால் அது முழு வெயிலும் பரந்த தூரும் வேண்டும் புல் ஆகையால், ஜன்னலில் மெலிந்து சாய்ந்து, அடித்தண்டு திரளாமலேயே நின்றுவிடுகிறது. இந்தியாவில் அதே இனப் புற்களின் வரலாறு வேறு. கேரளத்தில் எண்ணெய்க்காகப் பயிரிடப்பட்ட அப்புல்லுக்காக ஓடக்காலியில் 1951இல் ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது. மராட்டியத்திலும் குசராத்திலும் அதன் இலை தேநீரில் கொதிக்கிறது. தமிழகச் சமையலிலோ அதற்கு இடமே இல்லை.

தமிழகப் பக்கத்தின் அடையாளம் கொத்தமல்லித் தழை. ரசத்தை நுரைகட்டியதும் இறக்கி, தழையைக் கிள்ளிப் போட்டு மூடிவைப்பதும், சாம்பாரிலும் உப்புமாவிலும் கடைசியாகத் தூவுவதும், துவையலுக்கும் சட்னிக்கும் பச்சையாகவே அரைப்பதும் அங்கு நாள்தோறும் நடப்பவை. இலங்கையில் கொத்தமல்லி என்றால் பெரும்பாலும் விதைதான். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் மல்லி விதைக்குப் பெரும் பங்கு உண்டு. தடிமன், காய்ச்சல் என்றால் இனபேதமின்றி எல்லா வீடுகளிலும் விதையை இஞ்சியோடு அவித்துக் குடிக்கிறார்கள். தழையோ மரபான கறிகளில் மிக அருகியே காணப்படுகிறது. ஒரே செடியின் விதையை ஒரு கரையும் தழையை மறு கரையும் முதன்மையாகக் கொண்டதால், விதைக்காக மட்டும் வேண்டுவோருக்கு அதை ஜன்னலில் வளர்க்கும் தேவையே எழவில்லை.

ஆனால் தமிழகத்திலும் கொத்தமல்லியை வீட்டில் விதைக்கும் பழக்கம் நெடுங்காலம் பரவலாக இருந்ததில்லை. காய்கறி வாங்குவோருக்கு இரண்டு இணுக்குக் கறிவேப்பிலையும் சிறிது கொத்தமல்லியும் கொசுறாகக் கிடைத்துவந்ததே இதற்குக் காரணம். விலையின்றிக் கையில் விழும் பொருளுக்குத் தொட்டியும் மண்ணும் தேட எவரும் முற்படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக் குறைந்து கட்டு விலை ஏறும்போது கொசுறு நின்றுபோவதும், எடைபோட்டு விற்கும் பேரங்காடிகளில் அந்த வழக்கமே இல்லாமற்போனதும் விதைப்புக்கு ஒரு தூண்டுதலாயின. பூச்சிக்கொல்லி பற்றிய அச்சம் இன்னொரு தூண்டுதல். காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் வணிகப் பயிராக விளையும் கறிவேப்பிலை வெளிநாடுகளுக்கும் போகிறது. இந்தியக் கறிவேப்பிலையை மருந்து எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைக்குரிய பொருள்களின் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்த செய்தி பரவியபின், பச்சையாகத் தின்னும் தழையையாவது வீட்டில் வளர்க்கவேண்டும் என்ற எண்ணம் நகரத்தாரிடம் வலுப்பெற்றது. இது நியாயமான எண்ணமே. கொதிக்காமல் வாய்க்குப் போகும் தழை, கொதித்துப் போகும் இலையைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியது.

கொத்தமல்லி விதைப்பில் பெரும்பாலோர் தவறுவது தொடக்கத்தில்தான். உருண்டையாகத் தெரியும் தனியா ஒரு விதையன்று. ஓடொன்றுக்குள் இரு பாதிகளாக ஒட்டிய இரண்டு விதைகள். சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டிப் பிளந்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் பத்து நாளுக்குள் முளை தெரியும். பிளக்காமல் அப்படியே தூவினால் முளைப்பு தாமதப்படுவதும் பாதி வீணாவதும் வழக்கம். ஆணிவேர் நேரே கீழிறங்கும் செடி என்பதால் நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதை அது பொறுப்பதில்லை. ஒரு சாண் ஆழத் தொட்டியில் நேராகவே விதைக்கவேண்டும். மளிகைக் கடைத் தனியாவே போதும், ஆனால் தழைக்கென்று தேர்ந்த ரகங்களைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருப்பதால் அவ்விதை கிடைத்தால் இன்னும் நன்று. முப்பத்தைந்து, நாற்பது நாளில் அறுக்கலாம். அடியில் இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மறுமுறையும் துளிர்க்கும். சித்திரை, வைகாசி வெப்பத்தில் தண்டு விறுவிறுவென உயர்ந்து, இலை நூல்போல் மெலிந்து, பூவெடுத்துவிடும். அதன்பின் அதில் மணமிருந்தாலும் தழை இராது. ஆகவே சென்னையில் இதற்குக் கார்த்திகை முதல் மாசி வரையே உண்மையான பருவம்.

புதினாவுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து கணு திரண்ட தண்டு நான்கைத் தேர்ந்து, கீழிலைகளைக் களைந்து, நீர் ஊற்றிய குவளையில் ஜன்னலில் வைத்தால் ஒரு வாரத்தில் வெள்ளை வேர் இறங்கும். கற்பூரவல்லி அதனினும் எளிது; ஒடித்து நட்ட துண்டு மண்ணிலேயே பிடித்துக்கொள்ளும். தமிழகத்தில் அது பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் குழந்தைகளின் சளிக்கும் பயன்படுகிறது. இலங்கையில் பெரும்பாலும் மருந்துச் செடியாகவே மதிக்கப்படுகிறது.

இரு நாடுகளும் ஒன்றுபடும் செடி கறிவேப்பிலை. தாவரவியலாளர் லின்னேயசிடம் பயின்று, 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் யோகான் கோனிக்கின் பெயரை அதன் அறிவியற் பெயர் தாங்கியிருப்பதால், உலகின் எந்தத் தாவரவியல் நூலிலும் அச்செடி சோழக் கரையின் நினைவோடே இடம்பெறுகிறது. ஆனால் கறிவேப்பிலை இயல்பில் சிறு மரம். ஜன்னல் தொட்டியில் அதை வைத்திருப்பது அதன் இயல்போடு ஓயாமல் மல்லுக்கட்டுவதே ஆகும். இலை இலையாக உருவினால் காம்பு மொட்டையாக நிற்கும்; நுனியோடு சேர்த்து ஈர்க்காகக் கிள்ளினால் கீழ்க்கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். தமிழகச் சமையலறைகளில் தாளிப்புக்கு ஏழெட்டு இலை உருவும் பழக்கம் தொட்டிச் செடியை விரைவில் மெலியவைக்கிறது. முழு ஈர்க்கைச் சட்டியில் போடுவது, எந்த நாட்டுச் சமையலறையானாலும், செடிக்கு நன்மை செய்கிறது.

தோட்டத்து உபாயங்கள் வீட்டுக்குள் வரும்போது அப்படியே செல்லுபடியாவதில்லை என்பதற்கும் கறிவேப்பிலையே சான்று. தமிழகத்தில் அதன் தூரில் புளித்த மோரை நீர்விட்டு ஊற்றுவார்கள். இலங்கையில் மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுவார்கள். திறந்த கொல்லையில் இரண்டும் பலனளிக்கின்றன. சமையலறை ஜன்னலிலோ மோர் ஈயை அழைக்கிறது, மீன் நீர் நாற்றத்தையும் எறும்பையும் அழைக்கிறது. அரிசி கழுவிய நீரை, அதுவும் புளிக்குமுன், ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்வதே வீட்டுக்குள் பொருந்தும். எலுமிச்சைக் குடும்ப மரங்களில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி மாடி எத்தனை உயரமானாலும் அக்குடும்பத்தைச் சேர்ந்த கறிவேப்பிலையைத் தேடி வந்துவிடும் என்பதும் நினைவிற்கொள்ளவேண்டியது. முதலில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் அசையாமல் கிடக்கும் புழு, வளர்ந்தபின் இலையின் பச்சையையே பூண்டுகொள்கிறது. தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவடுபட்ட ஓர் உறுப்பை நீட்டிக் காரநெடி வீசுகிறது. கொல்லையில் பத்தடி மரத்துக்கு அது பொருட்டன்று. முழங்கை உயரத் தொட்டிச் செடியை இரண்டு புழுக்கள் ஓரிரு நாளில் மொட்டையாக்கிவிடும் என்பதால், இலையின் அடிப்புறத்தையும் பார்ப்பது அன்றாட வேலையாகவேண்டும்.

ஒளியைப் பற்றிக் குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் விதி இரு நாடுகளுக்கும் பொருந்தாது. தெற்கு ஜன்னலே சிறந்தது என்பது அவற்றின் முதல் அறிவுரை. வடக்கே வெகுதொலைவில் இருக்கும் நாடுகளில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கிலேயே நிற்பதால் அது அங்கே சரி. கொழும்பிலோ ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. சென்னையில் இந்த நிலை ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுவரை நீடிக்கிறது. ஆண்டின் ஒரு பகுதியில் வெயில் பெற்ற ஜன்னல் மறுபகுதியில் நிழலாவதை அறியாமல், செடி வாடுவதற்கு உரமின்மையைக் காரணமாக்கிக் கூடுதல் உரமிட்டு அதைக் கொன்றவர்கள் பலர். கிழக்கு ஜன்னலே இரு நாட்டிலும் நம்பத்தக்கது. ஆண்டு முழுவதும் காலை வெயில் வரும், கொளுத்தும் பிற்பகல் வெயில் வராது. மேற்கு ஜன்னலில் சென்னையின் கத்திரி வெயிலின்போது ஞெகிழித் தொட்டியின் மண்ணே சூடேறி வேர் வெந்துவிடும். அதே திசையில் கொழும்பில் செடி பிழைத்துக்கொள்ளும். அங்கே ஆபத்து வேறு: ஈரக்காற்றில் மண் காயாமலிருக்க, மேலும் நீரூற்றுவதால் புதினாவின் வேர் அழுகுகிறது. அடுப்புக்கு அருகே வைத்த செடிகளுக்குத் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு இலைமேல் படிந்து, அதில் தூசு ஒட்டி, இலைத்துளைகள் அடைபடும் தொல்லையும் உண்டு. வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவுமிடத்துக்கு எடுத்துச்சென்று இலைகளை நீர்பீய்ச்சிக் கழுவுவது இதற்குப் போதும்.

அரசுகள் இதில் தலையிட்ட விதமும் ஒப்பிடத்தக்கது. தமிழக அரசு 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம், தென்னை நார்க்கழிவு, வளர்ப்புப் பைகள், விதைகள், உயிர் உரங்கள் ஆகியவற்றைத் தொகுப்பாக மானியத்தில் தந்தது. மொட்டை மாடியை மனத்திற்கொண்ட திட்டம் அது. மாடிக்கு உரிமையில்லாத வாடகைக் குடும்பத்தின் ஜன்னல் அதன் பார்வைக்குள் முழுதாக வரவில்லை. ஆயினும் எடை குறைந்த, ஈரம் தாங்கும் நார்க்கழிவை நகரத்தார் கைக்குப் பழக்கப்படுத்தியது அதன் நிலையான பயன். கம்பிக் கூண்டில் தொங்கும் தொட்டிக்கு மண்ணைவிட அதுவே ஏற்றது. தும்பு வேலையில் பெயர்பெற்ற இலங்கையிலும் அதே பொருள் தாராளமாகக் கிடைக்கிறது.

இலங்கையில் வீட்டுத்தோட்டம் என்பது பழைய பெருமை. பலா, தென்னை, கமுகு, மிளகு, கராம்பு என அடுக்கடுக்காக நிற்கும் கண்டிய வீட்டுத்தோட்டங்களை ஆய்வாளர்கள் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். ஆனால் 2022இன் நெருக்கடி அந்தப் பெருமையை வேறு முகத்தோடு நகரங்களுக்குக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டில் இரசாயன உர இறக்குமதிக்கு விதித்த தடை விளைச்சலைக் குலைத்திருந்தது, எரிபொருள் இல்லை, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் அவ்வாண்டு செப்டம்பரில் 94.9 வீதத்தைத் தொட்டது. அரச ஊழியர்கள் வீட்டில் பயிர்செய்யவென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தர ஜூன் மாதம் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழக நகரத்தார் ஆரோக்கியத்துக்காகவும் விருப்பத்துக்காகவும் தொட்டி வைத்த அதே பத்தாண்டில், இலங்கை நகரத்தார் தட்டில் ஒரு கறி கூடுவதற்காக வைத்தார்கள். அதனால்தான் அக்காலத்தில் வாசனைச் செடிக்குப் பக்கத்தில் உண்ணும் இலையும் ஜன்னலேறியது: வல்லாரை, பொன்னாங்காணி, சிறு முருங்கைக் கன்று. அரை நிழலில் ஓடித் தழைக்கும் வல்லாரை ஓர் அகன்ற தட்டுத் தொட்டியிலேயே சம்பலுக்கும் இலைக்கஞ்சிக்கும் போதுமான அளவு தரும். தமிழகத்தில் நினைவாற்றலுக்கென்று எப்போதாவது துவையலாகும் அது, இலங்கையில் சோற்றோடு அன்றாடம் உண்ணும் உணவு. ஜன்னலில் அதற்குக் கிடைத்த இடத்தின் அளவும் அதற்கேற்பவே வேறுபடுகிறது.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு பற்றி இலங்கையில் காட்டப்படும் கண்டிப்பு தமிழகத்துக்கும் வேண்டியது. நுளம்பு (கொசு) பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குள் வந்து பார்க்கலாம். தட்டில் தேங்கிய நீரில் கொசுப்புழு கண்டால் வீட்டுக்காரர்மேல் வழக்குத் தொடரலாம். ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்ட 2017க்குப் பின் இச்சோதனைகளை எவரும் மிகையென்று கருதுவதில்லை. முட்டை கொசுவாகப் பறக்க வெப்பநாட்டில் ஏழு முதல் பத்து நாள் போதும். தட்டை வாரம் இருமுறை கவிழ்ப்பதோடு, உள்விளிம்பில் ஒட்டிய முட்டைகள் போகுமாறு தேய்த்துக் கழுவவும் வேண்டும். அல்லது தட்டில் மணல் நிரப்பி அதன்மேல் தொட்டியை வைத்தால் வடிந்த நீர் மணலுக்குள் நிற்கும், கொசுவுக்கு நீர்ப்பரப்பு கிடைக்காது. சென்னையிலும் மாநகராட்சிப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து பார்க்கிறார்கள் என்றாலும், அவர்களின் கண் பெரும்பாலும் கீழ்த்தளத்து நீர்த்தொட்டிகளிலும் பழைய டயர்களிலும் நிற்கிறது; ஐந்தாம் மாடி ஜன்னலின் புதினாத் தட்டை வீட்டார்தான் கவனித்துக்கொள்ளவேண்டும்.

ஒரு கரையின் செடி மறுகரைக்குப் போவதற்குத் தடையேதும் இயற்கையில் இல்லை. கேரளத்தில் பிரியாணிக்கைதை என்ற பெயரில் ரம்பை ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. சென்னை நாற்றங்கால்களில் தேடினால் கன்று கிடைக்கும், வெயில் குறைந்த வடக்கு ஜன்னலில் அது நிற்கும், பருப்பைக் கடையுமுன் ஒரு துண்டு போட்டுப் பார்க்கச் செலவும் இல்லை. யாழ்ப்பாணத்து மார்கழிக் குளிரில் கொத்தமல்லி விதைத்தால் தை கடைசியில் தழை அறுக்கலாம். அந்தத் தழை சொதியில் விழுமா என்பதைத் தீர்மானிக்கப்போவது மண்ணோ வெயிலோ அன்று, அகப்பை பிடித்த கைதான்.